ஆறில் ஒரு பங்கு சேத்தக்: பெரிய ரேடியோ ஹெலிகாப்டர் மாடலை நெல்லைச் சீமையிலேயே கட்டும் முறை

கடையில் வாங்கிய பெட்டியைப் பிரித்து ஸ்க்ரூ முடுக்கிப் பறக்கவிடுவது ஒரு வகை. வரைபடத்திலிருந்து தொடங்கி, தகடு வெட்டி, ஃபைபர் வார்த்து, இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ரோட்டரைச் சுற்றவைப்பது வேறு வகை. இந்த வழிகாட்டி இரண்டாவது வகைக்கு. இதற்கு வேண்டிய கைவேலை கிட்டத்தட்ட முழுவதும் திருநெல்வேலியைச் சுற்றியே கிடைக்கிறது: பேட்டையில் லேத் பட்டறை, உவரி, கூடுதாழை பக்கம் ஃபைபர் படகு கட்டுகிறவர்கள், ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் கடை. இங்கே செய்யக்கூடாதவை என்று சில பாகங்களும் உண்டு. எதைக் கையால் செய்வது, எதைக் காசு கொடுத்து வாங்குவது என்ற முடிவுதான் இந்த வேலையின் உயிர். அதை முதலிலேயே எடுத்துவிட வேண்டும்.

ஒன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியாமல் இதைக் கட்டத் தொடங்காதீர்கள். கணினியில் சிமுலேட்டர், அப்புறம் மாடல் கடையில் 450 என்ற அளவுப் பெயரில் விற்கும் சிறிய ஹெலிகாப்டர், மூக்கு தன் பக்கம் பார்த்து நிற்கும்போதும் பதறாமல் நிறுத்திவைக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் கைவந்த பிறகு வாருங்கள்.

எந்த ஹெலிகாப்டர், எந்த அளவு

என் தேர்வு சேத்தக். 1959-இல் பிரான்சில் முதலில் பறந்த அலூவெட் 3-ஐ உரிமம் பெற்று நம் நாட்டில் ஹெச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கட்டியது. படங்களும் அளவுகளும் ஏராளமாகக் கிடைக்கும். அதைவிட முக்கியமான காரணம் ரோட்டர் சுற்றும் திசை. அமெரிக்க ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவற்றின் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். பிரெஞ்சு வகைகள் வலஞ்சுழி. சந்தையில் கிடைக்கும் மாடல் பாகங்களில் பெரும்பாலானவையும் வலஞ்சுழிதான். ஒரு திசையில் மட்டும் பிடித்துச் சுற்றும் ஒருவழி பேரிங், பல்சக்கரம், பிளேடு எல்லாம் அப்படியே பொருந்தும்.

நிஜ சேத்தக்கின் ரோட்டர் விட்டம் 11.02 மீட்டர், உடல் நீளம் 10.03 மீட்டர். ஆறில் ஒரு பங்காக்கினால் ரோட்டர் 1.84 மீட்டர், உடல் 1.67 மீட்டர். 800 மி.மீ. நீளமுள்ள பிளேடு கடையில் கிடைக்கும். ரோட்டர் மையத்திலிருந்து பிளேடு போல்ட் வரை 118 மி.மீ. வைத்தால் விட்டம் 1.836 மீட்டர் வந்துவிடும். நிஜத்தின் உச்ச எடை 2,200 கிலோ. நீள, அகல, உயரம் மூன்றும் ஆறில் ஒன்றாகும்போது எடையை 216-ஆல் வகுக்க வேண்டும், 10.2 கிலோ. ஆகவே மாடலின் மொத்த எடை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 10 கிலோவை ஒரு நோட்டில் பங்கு பிரித்து எழுதிவையுங்கள். ரோட்டர் தலையும் பிளேடுகளும் 1.6, சட்டகம், பல்சக்கரம், தண்டுகள் 1.7, மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் 1, சர்வோ (கட்டளைக்கேற்ப பாகங்களை நகர்த்தும் சிறு மோட்டார்), வயர், மின்னணுப் பொருள் 0.6, பேட்டரி 1.5, வால் பகுதி 0.6, உடல், கண்ணாடி, சக்கரம், பெயின்ட் எல்லாம் சேர்த்து 3. ஒவ்வொரு பாகமும் தயாரானதும் எடைபோட்டு எதிரே எழுதுங்கள். எங்கேயாவது 100 கிராம் கூடினால் வேறெங்கே குறைப்பது என்பதை அன்றைக்கே முடிவு செய்ய வேண்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எப்போதும் உடலில்தான் ஏறும்.

வரைபடத்தை நிஜ அளவிலேயே அச்சடியுங்கள். ஃப்ளெக்ஸ் கடையில் 1.7 மீட்டர் நீளம் ஒரு பொருட்டே இல்லை. வரைபடத்தின் மேல் கிடையாகவும் நெடுக்காகவும் ஒரு மீட்டர் கோடு ஒன்று போட்டுக்கொடுத்து, அச்சான பிறகு எஃகு ஸ்கேலால் இரண்டையும் அளந்து பாருங்கள். அச்சு இயந்திரத்தில் அளவு கொஞ்சம் நீளவோ சுருங்கவோ செய்யும். அதைத் தெரியாமல் வெட்டினால் சட்டகமும் உடலும் ஒன்றுக்கொன்று சேராது.

கணக்கு

சக்தி எவ்வளவு வேண்டும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. ரோட்டர் வட்டத்தின் பரப்பு 2.65 சதுர மீட்டர். 10 கிலோவை அந்தரத்தில் நிறுத்த, அந்த வட்டத்தின் வழியே காற்று வினாடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் கீழே இறங்க வேண்டும். இழப்பே இல்லாவிட்டால் அதற்கு 400 வாட் போதும். பிளேடு உராய்வு, வால் ரோட்டர், பல்சக்கரம், மோட்டார் என்று இழப்புகளைச் சேர்த்தால் 1,000 வாட் ஆகும். ஏறும்போதும் திரும்பும்போதும் இதைப் போல மூன்று மடங்கு தரக்கூடிய மோட்டார் வேண்டும்.

பேட்டரிக்கு 12 செல் லித்தியம் பாலிமர், 5,000 மில்லி ஆம்பியர்மணி. 44.4 வோல்ட்டில் இது 222 வாட்மணி. ஐந்தில் நான்கு பங்குதான் செலவழிக்கலாம் என்பதால் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் வரும். நேரக்கடிகாரத்தை 7 நிமிடத்தில் வையுங்கள்.

ரோட்டர் வேகம் நிமிடத்துக்கு 1,100 சுற்று. பல்சக்கர விகிதம் 11, அதாவது மோட்டாரில் 10 பல் சிறிய சக்கரமான பினியனும் 110 பல் பெரிய சக்கரமும். மோட்டார் 12,100 சுற்று ஓட வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு 350 சுற்று தரும் மோட்டார் 44.4 வோல்ட்டில் வெறுமனே 15,500 ஓடும். நாம் கேட்பது அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். பேட்டரி இறங்கினாலும் வேகத்தை நிலையாகப் பிடிக்கக் கருவிக்கு இடம் இருக்கும்.

இனி எல்லாரும் தாண்டிப்போகும் கணக்கு. ஒரு பிளேடின் எடை 220 கிராம், அதன் எடைமையம் ரோட்டர் மையத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்ளுங்கள். 1,100 சுற்றில் அது வெளியே இழுக்கும் விசை 150 கிலோ. ஒவ்வொரு பிளேடு பிடியிலும் இரண்டு நெல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். பிளேடு நுனியின் வேகம் வினாடிக்கு 106 மீட்டர். 700, 800 சுற்றில் நன்றாக ஓடியதே என்று நம்பிவிடக் கூடாது. வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும்.

எதைச் செய்வது, எதை வாங்குவது

பிளேடை வீட்டில் செய்யாதீர்கள். நல்ல பிளேடில் கண்ணாடி இழையோ கார்பன் இழையோ போல்ட் துளையைச் சுற்றி வளைந்து நுனிவரை அறுபடாமல் ஓடும். அந்த வேலையைச் சோதிக்கும் வசதி நம்மிடம் கிடையாது. மூன்று பிளேடுகளைப் பொருத்தமான தொகுதியாக வாங்குங்கள். த்ரஸ்ட் பேரிங், பிளேடு பிடிக்குள் போகும் ஸ்பிண்டில், 12.9 தர போல்ட்டுகள், வால் கியர்பாக்ஸின் சாய்பல் சக்கரங்கள், ஒருவழி பேரிங் இவையும் வாங்கவேண்டியவை. பெரிய பல்சக்கரத்தையும் வாங்கிவிடுவதே நல்லது. வேறு அளவு கட்டாயம் வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் பல் வெட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

மீதியெல்லாம் நம் வேலை. பக்கச் சட்டகத்துக்கு 2 மி.மீ. கார்பன் தகடு அல்லது 3 மி.மீ. 6061 அலுமினியம். இரண்டு பக்கத் தகடுகளையும் ஒன்றாக போல்ட் போட்டுச் சேர்த்து ஒரே நேரத்தில் துளையிடுங்கள். தனித்தனியாகத் துளைத்தால் பேரிங் வீடுகள் நேர்கோட்டில் வராது.

முதன்மைத் தண்டு 12 மி.மீ. கடினமாக்கிய எஃகு. லேத் வேலைக்குக் கொடுக்கும்போது, "அண்ணாச்சி, இது பம்ப் செட் ஷாஃப்ட் மாதிரி, ஆனா இன்னும் சுத்தமா வேணும்" என்று சொன்னால் நம் பட்டறைக்காரர்களுக்கு உடனே பிடிபடும். ஆழ்துளைப் பம்பு ஷாஃப்ட் வேலை செய்து பழகிய கை அவர்களுடையது. தண்டைப் பேரிங்கில் வைத்து டயல் கேஜால் சுற்றிப் பாருங்கள், 0.05 மி.மீ.-க்கு மேல் ஆடினால் வாங்காதீர்கள். பேரிங் உட்காரும் இடங்களில் விரலால் அழுத்தினால் போய் உட்கார வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் அது இறுக்கம், தானாக நழுவினால் அது தளர்வு.

மூன்று பிளேடு தலையின் மையக்கட்டையை 7075 அலுமினியத்தில் சிஎன்சி மில்லிங்கில் எடுக்கலாம். மூன்று கைகளும் 120 பாகையில் இருப்பது முக்கியம். போல்ட்டிலிருந்து போல்ட்டுக்கு அளந்தால் மூன்று தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிடிக்குள் த்ரஸ்ட் பேரிங்கைப் போடும்போது கவனம்: அதன் இரண்டு வளையங்களில் உட்துளை பெரியது மையத்தைப் பார்த்தும், சிறியது வெளிப்போல்ட் பக்கமும் வர வேண்டும். மாற்றிப்போட்டால் கையில் சுற்றும்போது வித்தியாசமே தெரியாது. சுமை ஏறியதும் இறுகிக்கொண்டு சர்வோ திணறும்.

தலையைப் பூட்டியதும் இழுத்துச் சோதிக்க வேண்டும். பட்டறையில் செயின் பிளாக்கும் தொங்கு தராசும் இருக்கும். பிளேடு போல்ட் போடும் இடத்தில் எஃகுக் கொக்கி மாட்டி, ஒவ்வொரு பிடியையும் 300 கிலோவரை இழுத்து ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இழுக்கும் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. பிறகு பிரித்து, துளைகள் நீண்டிருக்கிறதா, ஸ்பிண்டில் நூலில் பிசிறு வந்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்பிண்டில் போல்ட்டுகளைப் புதிதாக மாற்றிப் பூட்டுங்கள். என்னைக் கேட்டால், இந்தச் சோதனை முடியாத தலையில் பிளேடே மாட்டக் கூடாது.

வால் இயக்கத் தண்டை அலுமினியக் குழாய்க்குள் ஓட்டி, இடையிடையே ரப்பர் வளையம் போட்ட பேரிங்குகளில் தாங்குங்கள். தாங்கல் இல்லாத நீளத் தண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கயிறுபோலத் துள்ளும். வால் ரோட்டர் தர வேண்டிய தள்ளுவிசை நின்ற நிலையில் முக்கால் கிலோ அளவு. அதற்கேற்ற சர்வோ போதும், ஆனால் வேகமான சர்வோ வேண்டும்.

எலும்புக்கூட்டை முதலில் பறக்கவிடுங்கள்

உடல் வேலைக்கு இப்போது போகாதீர்கள். சட்டகம், வால், தற்காலிகமாக அகலமான சறுக்குக் கால்கள், அவ்வளவோடு பறக்க வேண்டும். உடலின் எடைக்கு ஈடாக, சட்டகத்தில் மெல்ல மெல்லச் சுமை கட்டிப் பறந்து பாருங்கள்.

பிளேடுகளின் கோணத்தை மாற்றும் வட்டத் தகடான ஸ்வாஷ்பிளேட்டை 120 பாகையில் மூன்று சர்வோக்கள் தூக்கும். ஸ்திரப்படுத்த, பறக்கும்தடி (ஃப்ளைபார், தலையில் குறுக்கே சுற்றும் எடைக்கம்பி) இல்லாத தலைக்கான கைரோ கருவி போதும். இரண்டு பிளேடுத் தலையில் கட்டளைக்கும் வட்டு சாய்வதற்கும் இடையே கிட்டத்தட்ட 90 பாகை தாமதம் இருக்கும். விறைப்பான மூன்று பிளேடுத் தலையில் அது குறையும். முன்னே தள்ளினால் கொஞ்சம் பக்கவாட்டிலும் சாய்கிறது என்றால் காரணம் அதுதான். கருவியில் ஸ்வாஷ்பிளேட்டை மென்பொருள் வழியாகத் திருப்பும் வசதி உண்டு. சிறிது சிறிதாக மாற்றிச் சரிசெய்யலாம்.

ரிசீவர் ஆன்டெனா கார்பன் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கக் கூடாது, கார்பன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைக்கும். இரண்டு ஆன்டெனாக்களை ஒன்றுக்கொன்று 90 பாகையில் வையுங்கள். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி அமைத்து, பிளேடு இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை அணைத்து அதை உறுதிசெய்யுங்கள். சர்வோக்களுக்கு மோட்டார் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தோடு சிறிய மாற்று பேட்டரி ஒன்றும் சேர்ந்திருக்க வேண்டும். இந்த எடையில் அது கட்டாயம்.

பிளேடு மாட்டும் முன் ஒரு பேட்டரி முழுக்க மோட்டாரை ஓட்டுங்கள். பல்சக்கரச் சத்தம் ஒரே சீராக வருகிறதா, பேரிங் எதுவும் சூடாகிறதா என்று பாருங்கள். பிறகு மூன்று பிளேடுகளையும் எடைபோட்டு, எடைமையத்தையும் கத்திமுனையில் வைத்துக் குறித்து, மூன்றையும் ஒன்றாக்குங்கள். குறைந்த பிளேடில் டேப் ஒட்டினால் போதும். பிளேடு போல்ட்டின் இறுக்கம் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பிளேடு தன் எடையால் மடங்காமல், உலுக்கினால் மட்டும் மடங்க வேண்டும்.

எடைமையம் பார்க்க, தலையைப் பிடித்துத் தூக்குங்கள். முதன்மைத் தண்டு செங்குத்தாக நிற்கும்வரை பேட்டரியை முன்னே பின்னே நகர்த்துங்கள்.

முதல் ஓட்டத்தில் 15 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பிளேடு தளத்தின் நேரே பக்கவாட்டில் நிற்பது ஆபத்து. மோட்டார் முழு வேகத்துக்கு வர 15 முதல் 20 வினாடி எடுக்கும்படி வையுங்கள். ஒவ்வொரு பிளேடு நுனியிலும் ஒவ்வொரு நிறத்தில் டேப் ஒட்டினால், ஒன்று மட்டும் மேலே ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அதன் இணைப்புக் கம்பியை அரைச்சுற்று குறையுங்கள். தரையில் உடல் ஆடத் தொடங்கி, ஆட்டம் வளர்ந்துகொண்டே போனால் அது தரை ஒத்ததிர்வு. மெதுவாகக் குறைக்க நேரம் இருக்காது, உடனே மோட்டாரை நிறுத்துங்கள். இந்தக் காரணத்தாலேயே ஹெலிகாப்டரைத் தரையில் கயிறு கட்டிச் சோதிக்கும் பழக்கம் வேண்டாம்.

உடல்: கடற்கரையில் கற்க வேண்டியது

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி ஊர்களில் ஃபைபர் படகு வேலை பார்ப்பவர்களிடம் ஒருநாள் நின்று பார்த்தால் போதும், பாதிப் பாடம் முடிந்துவிடும். மெழுகு தேய்ப்பது, மேற்பூச்சான ஜெல்கோட் அடிப்பது, பிரஷால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழை வெளியேற்றுவது எல்லாம் அவர்கள் கையில் ஓடும் வேலை. வேறுபாடு ஒன்றுதான். படகுக்குப் பலம் வேண்டும், தடிமன் கூடினால் நல்லது. நமக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு.

முதலில் தெர்மோகோலில் உடலின் மூல வடிவம். வரைபடத்தின் குறுக்குவெட்டுகளைப் பிளைவுட்டில் அறுத்து, இடையே தெர்மோகோல் அடைத்து, சூட்டுக் கம்பியால் சீவி எடுக்கலாம். படகுக்காரர்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசின் தெர்மோகோலைக் கரைத்துவிடும். அதனால் மேலே எபாக்ஸியில் ஒரு துணி அடுக்கு போட்டு, அதன் மேல் புட்டி பூசித் தேய்த்து வழவழப்பாக்குங்கள். இந்தத் தேய்ப்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். மூலத்தில் உள்ள ஒவ்வொரு குழியும் கடைசி உடலில் அப்படியே வரும்.

அடுத்து அச்சு. நடுவில் பலகை நிறுத்தி இடம், வலம் என இரண்டு பாதியாக எடுக்க வேண்டும். அச்சு கனமாக இருக்கலாம், எனவே பாலியெஸ்டரும் சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட்டும் (நெய்யாத கண்ணாடி இழை விரிப்பு) மூன்று நான்கு அடுக்கு சரி. பாலியெஸ்டர் ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள். தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுதாகக் கலக்க வேண்டும், கேட்டலிஸ்ட் அப்புறம்.

அச்சுக்குள் வார்க்கும் உடலுக்கு மேட் வேண்டாம். மேட் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் குடிக்கும். ஒரே ஒரு அடுக்குக்கே சதுர மீட்டர் 1.4 கிலோ ஆகிவிடும். 160 கிராம் நெய்த கண்ணாடித் துணி இரண்டு அடுக்கு, எபாக்ஸியோடு சேர்த்து சதுர மீட்டருக்கு 650 கிராம்தான். கதவு ஓரம், சக்கரக் கால் இணையும் இடம், சட்டகம் போல்ட் ஆகும் இடம் இவற்றுக்கு மட்டும் கூடுதல் துணியும் உள்ளே மெல்லிய பிளைவுட் வளையமும்.

நம் வெயில் இந்த வேலைக்கு ஒத்துழைக்காது. 10 பாகை சூடு கூடினால் எபாக்ஸி இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். 25 பாகையில் அரைமணி தாங்கும் கலவை சித்திரை மதியத்தில் கால்மணி கூடத் தாங்காது. விடியற்காலையில் தொடங்கி, சிறு சிறு அளவாகக் கலந்து, ஆழமான டப்பாவில் வைக்காமல் அகலத் தட்டில் பரப்பிவையுங்கள். காய்ந்த உடலும் வெயிலில் தளரும்; அறைச் சூட்டில் இறுகிய எபாக்ஸி 50, 60 பாகையிலேயே மெதுவாகும். பூட்டிய காருக்குள் வைத்தால் உடல் வளையும். அடர்ந்த நிறத்தைத் தவிர்த்து, கடற்படையின் வெளிர் சாம்பல் அடித்தால் நிஜத்துக்கும் பொருந்தும், சூட்டுக்கும் நல்லது.

சேத்தக்கின் முகமே கண்ணாடிதான். 1 மி.மீ. ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டை மரச்சட்டத்தில் இறுக்கி, சூடேற்றித் தளர்ந்ததும் வடிவக்கட்டையின் மேல் அழுத்தி, அடியில் துளைப்பெட்டி வழியாக வாக்குவம் கிளீனரால் காற்றை உறிஞ்சினால் படியும். முகத்தை ஒரே துண்டில் எடுக்க முயலாமல், நிஜத்தில் சட்டக் கம்பி ஓடும் இடங்களில் பிரித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிகள் கேபின் தரைக்கு அடியில் போகும். மூன்று சக்கரங்களில் முன்சக்கரம் தானாகத் திரும்பும் வகை. சக்கரக் கால்களின் அதிர்வுத் தணிப்பான் சரியாக இல்லையென்றால் எலும்புக்கூட்டில் வராத தரை ஒத்ததிர்வு இப்போது வரும். ஆகவே உடல் மாட்டியதும் தரைச் சோதனை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்.

எங்கே, எப்போது பறப்பது

ஆனி, ஆடி மாதங்களை மறந்துவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் வட்டாரத்தில் நாள் முழுக்க அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை முதல் பங்குனி வரை விடிகாலைதான் நம் பருவம். தூரத்தில் தெரியும் காற்றாலைகளைப் பாருங்கள். வினாடிக்கு 3, 4 மீட்டர் காற்றில் அவை சுற்றத் தொடங்கும்; இறக்கை அசையாமல் நின்றால் முதல் பறப்புக்கு ஏற்ற காலை அது. ஆனால் அவற்றின் அருகிலோ மின்கம்பிகளின் அருகிலோ போக வேண்டாம்.

தண்ணீர் வற்றிய குளத்துப் படுகை நல்ல இடம். ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தேரி மணலும் கடற்கரையும் வேண்டவே வேண்டாம். நம் கடற்கரை மணலில் இல்மனைட் இருக்கிறது; மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எந்தத் தரையானாலும் பெரிய தார்ப்பாய் விரித்து அதில் இறக்குங்கள்.

2021 ட்ரோன் விதிகளின்படி, பொழுதுபோக்கு, கல்வி, ஆராய்ச்சிக்காகக் கண்ணெட்டும் தூரத்துக்குள் பறக்கும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாடலுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. வான்மண்டலக் கட்டுப்பாடு மட்டும் எல்லாருக்கும் உண்டு. அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடம் பச்சையாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், களக்காடு முண்டந்துறைக் காடு இந்தப் பக்கம் எதுவும் வேண்டாம். வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்க முடியாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம்தான் எல்லை.

சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடிவருவார்கள். ஆட்களை 30 மீட்டருக்கு அப்பால் நிறுத்துவதற்கென்றே நண்பர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்; அவர் வானத்தைப் பார்க்கக் கூடாது, கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முழு உடலோடு முதல் பறப்பில் ரோட்டர் விட்டம் அளவு உயரத்தைத் தாண்டிப் போங்கள். அதற்குக் கீழே தரைக்காற்று தாங்குவதால் உண்மையான சக்தித் தேவை தெரியாது. இறங்கும்போது நேர்கீழாக வேகமாக இறக்காதீர்கள். ரோட்டர் தள்ளும் காற்று வினாடிக்கு 4 மீட்டர்தான். அந்த வேகத்தை நெருங்கி இறங்கினால் தான் தள்ளிய காற்றிலேயே மூழ்கிப் பிடி இழக்கும். கொஞ்சம் முன்னோட்டத்தோடு சாய்வாக இறக்குவதே சரி.

இறங்கியதும் பேட்டரியைக் கழற்றி, மோட்டார், பேரிங்குகள், வால் கியர்பாக்ஸ் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். பிளேடு போல்ட், ஸ்வாஷ்பிளேட் இணைப்புகள், சட்டகம் உடலோடு சேரும் போல்ட்டுகளில் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவைத்தால், தளர்ந்தது கோடு விலகியதிலிருந்து தெரிந்துவிடும். பேட்டரி ஆறும்வரை சார்ஜ் போட வேண்டாம். வீட்டில் காருகுறிச்சி மண்சட்டியில், எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பக்கத்திலேயே இருந்து சார்ஜ் செய்யுங்கள். அடுத்த வாரம்வரை பறக்கப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திவையுங்கள்.